ஒன்பதாம் நம்பர் காட்டில் இறங்கியது

இடுக்கி மாவட்டம், சின்னக்கானலுக்கு அடுத்த கல்லுமேடு எஸ்டேட், கீழ் டிவிஷன், மூன்றாம் லயம், ஐந்தாம் நம்பர் வீட்டில் குடியிருக்கும், காலஞ்சென்ற சுடலைமணியின் மனைவி அழகுத்தாய், வயது 61, கொழுந்து கிள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடது காலில் மாவுக்கட்டோடும் முழு நினைவோடும் சொல்லி, தமிழ் தெரிந்த போலீஸ் ஆன்மேரி மேடம் எழுதிய வாக்குமூலம்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். கையெழுத்துப் போடுவேன்.

என் மகன் மாரீஸ்வரன், வயது 40, ஜீப் டிரைவர், கொடுத்த புகாரில், பாராசூட் ஓட்டிய அருண்பாண்டி என் இடுப்புப் பூட்டைச் சரியாகப் பூட்டாத காரணத்தால் நான் விழுந்து கால் முறிந்தது என்று இருக்கிறது. அருண்பாண்டியும் அதை மறுக்கவில்லை என்றும், அவன் லைசென்ஸை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றும், நான் சொல்வதைப் பொறுத்துத்தான் கேஸ் என்றும் மேடம் சொன்னார். என் மகன் அந்த இடத்தில் இல்லை. ஆகாயத்தில் இருந்தது நானும் அருண்பாண்டியும் மட்டும். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நான் பதினெட்டு வயதில் வேலைக்குப் பேர் கொடுத்து, நாற்பத்திரண்டு வருடம் கொழுந்து கிள்ளி, போன வருடம் நின்றேன். நிற்பதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே எங்கள் தேயிலைக் காட்டுக்கு மேலே இருக்கும் புல்மேட்டிலிருந்து டூரிஸ்ட்காரர்கள் பாராசூட்டில் பறப்பார்கள். அதற்கு வேறு பெயர் உண்டு, எங்கள் வாயில் பாராசூட்தான். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி தலைக்கு மேலே போகும்போது எங்கள் மேல் நிழல் விழும். அப்போது நிமிர்ந்து பார்த்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். வேலையிலிருந்து நின்றதும் ஒரு தடவை ஏறிப் பார்ப்பேன் என்று என்னோடு வேலை பார்த்த சந்தனமேரியிடம் சொல்லியிருந்தேன். அதற்கு அவள், “நீ ஏறுனா துணி கிழிஞ்சிரும்டி. வெள்ளக்காரனுக்கு நட்டம்” என்றாள். அவள் அப்படிச் சொன்னது ஒரு புதன்கிழமை. அதற்கும் சேர்த்துத்தான் போனேன்.

ஏப்ரல் மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்தரை மணிக்கு, மகனுக்குத் தெரியாமல், தனியாக நடந்து புல்மேட்டுக்கு ஏறினேன். யாரும் என்னை ஆசை காட்டி அழைத்துப் போகவில்லை. அங்கே போன பிறகுதான் பாராசூட் ஓட்டுகிறவன் அருண்பாண்டி என்று பார்த்தேன். அவன் எங்கள் டிவிஷனில் முன்பு சூப்பர்வைசராக இருந்த மொக்கையனின் பேரன். மொக்கையன் வீட்டாரோடு நாற்பது வருடமாக எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அருண்பாண்டி என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “அம்மாச்சி, எங்க வீட்டாளுகள ஒங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். வேற ஆளு மூணு மணிக்கு வருவாரு, இருந்து போறீகளா?” என்று கேட்டான்.

“மூணு மணிக்குக் காத்து இந்தப் பக்கம் இருக்குமா?”

“இருக்காது.”

“அப்பக் கட்டு. பேச்சு வேணாம்.”

அதன் பிறகு அவன் ஒரு பாரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி உண்டா என்று கேட்டு, இல்லை என்று நான் சொன்ன பிறகு கையெழுத்து வாங்கி, தலையில் தொப்பி மாட்டி, தொடைக்கு இரண்டு பட்டையும் இடுப்புக்கு ஒரு பட்டையும் பூட்டினான். இடுப்புப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். மூன்றாவது தடவை என் விரலை வைத்து இழுக்கச் சொன்னான். வரவில்லை. என் பேத்தி மோனிஷாவின் பள்ளிக்கூடப் பையில் இருப்பது போன்ற, இரண்டு பக்கமும் அமுக்கினால் மட்டும் திறக்கும் பூட்டு அது. அவன் பூட்டினான் என்பதற்கு நானே சாட்சி.

அதன் பிறகு என்னை முன்னால் விட்டு அவன் பின்னால் நின்று, “ஓடுங்க அம்மாச்சி” என்றான். ஓடினேன். ஏழாவது எட்டு வைக்கும்போது காலடியில் நிலம் இல்லை. அது தெரியாமல் காலைப் போட்டுக்கொண்டே இருந்தேன். “ஓடுனது போதும், ஒக்காருங்க” என்றான். உட்கார்ந்தேன்.

இந்த இடத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று மேடம் சொன்னார். விழுந்ததை மட்டும் எழுதிவிட்டுப் பறந்ததை எழுதாமல் விடுவது சரியல்ல என்று நான் சொன்னேன்.

சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஈரச் சேலையைக் காற்றுக்கு விரித்துப் பிடித்தால் கேட்கும் அளவுக்குத்தான் சத்தம். நான்காம் நம்பர், ஏழாம் நம்பர், பதினொன்றாம் நம்பர்க் காடுகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு படுத்திருந்தன. ஏழிலிருந்து பதினொன்றுக்குக் கூடையோடு நடந்தால் அரை மணி ஆகும். அன்றைக்கு நான் காலை நீட்டினால் இரண்டையும் மிதிக்கலாம் போல இருந்தது. செடிகளுக்கு நடுவே நாங்கள் நடந்த தடமெல்லாம் தலையில் எடுத்த வகிடு மாதிரித் தெரிந்தது. அதில் எது என் காலடி பட்டு உண்டான தடம் என்று காட்டினேன். அருண்பாண்டி பார்த்துவிட்டு “ஆமா” என்றான். எங்கள் நிழல் லயத்து வீட்டுக் கூரைகளில் ஏறி இறங்கி, கொடியில் கிடந்த துணிகள் மேல் நடந்து போனது. ஒரு நாய் நிழலைப் பார்த்துக் குரைத்தது. முதலில் வாய் அசைந்தது, சத்தம் பிறகு வந்து சேர்ந்தது. தண்ணீர் ஓரமாக மூன்று யானைகள் நின்றன, ஒன்று குட்டி. எத்தனை நாள் கூடையைப் போட்டுவிட்டு ஓட வைத்த உருவம், அன்றைக்கு அதன் முதுகில் மண் அப்பியிருப்பதைப் பார்த்துக்கொண்டே கடந்தேன். ஏழாம் நம்பரில் குனிந்த முதுகை வைத்தே சந்தனமேரியைக் கண்டுபிடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் நிமிரவில்லை. என் குரல் பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

பன்னிரண்டு நிமிடம் பறந்ததாக அருண்பாண்டி சொன்னானாம். அவன் கையில் கடிகாரம் இருந்தது. எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே இருந்தது போல இருந்தது. பயமில்லை. பசியில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுகூட நினைவில் இல்லை.

அதன் பிறகு பள்ளத்திலிருந்து ஒரு துண்டு பனிமூட்டம் ஏறி வந்தது. அவன் போய் அதில் நுழையவில்லை, அதுதான் எங்கள் மேல் வந்தது. “ஒரு நிமிசம் அம்மாச்சி, தாண்டிருவோம்” என்றான். சுற்றிலும் வெள்ளை. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கண் சொருகியது. மூட்டத்தில் வேலை பார்த்த நாட்களில் ஏழாம் நம்பரில் எப்படி நிற்பேனோ அப்படியே இருந்தது. முதுகில் பாரம் இருந்தது, அது அருண்பாண்டி. இடுப்பில் கட்டு இருந்தது. கொழுந்து வாடும் வாசனைகூட வந்தது. அப்போது கீழே ஃபாக்டரியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

எங்கள் வேலையில் முதுகில் கூடையும், செடிக் குச்சியில் சேலை கிழியாமல் இருக்க முன்னால் ஒரு தார்ப்பாய்த் துண்டும், அதன்மேல் இடுப்பைச் சுற்றி ஒரு கயிறும் இருக்கும். சங்கு ஊதினால் முதலில் அந்தக் கயிற்றை அவிழ்ப்போம். அதற்கப்புறம்தான் கூடை, அதற்கப்புறம்தான் சோறு. யோசித்துச் செய்வது இல்லை. சங்கு ஊதியதும் என் கை இடுப்புக்குப் போய், இரண்டு பக்கமும் அமுக்கி, பூட்டைத் திறந்துவிட்டது. திறந்தது நான். அருண்பாண்டி இல்லை. அவனுக்கு அது தெரியவும் தெரியாது.

அதன் பிறகு உடம்பு முன்னால் சரிந்தது. தொடைப் பட்டைகள் மட்டும் பிடித்தன. அவன் “அம்மாச்சி” என்று ஒரே ஒரு தடவை கத்தி, இடது கையால் என்னை வளைத்து, முழங்காலால் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் ஓட்டினான். அதனால் இறங்க வேண்டிய மைதானத்துக்குத் திருப்ப முடியாமல், கவாத்து வெட்டி வெறும் குச்சியாக நின்ற ஒன்பதாம் நம்பர்க் காட்டில் இறங்கினோம். வெட்டிய குச்சி கத்தி மாதிரி இருக்கும். தரை வரும்போது என்னை மேலே தூக்கி, தான் கீழே போனான். என் கால் மட்டும் குச்சிகளுக்கு நடுவே மாட்டி முறிந்தது. குச்சியெல்லாம் ஏறியது அவன் முதுகிலும் வலது தோளிலும்தான்.

மறுநாள் மகன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “அவனே தப்பு எம்மேலதான்னு சொல்லிட்டான். நீ வாயத் தொறக்காம இரும்மா, போதும். அந்தக் கெழவன் ஒன்ன அழ வச்சதுக்கு இப்பத்தான் கெடைக்கிது” என்றான். கெழவன் என்னை அழ வைத்தது மகனுக்குத் தெரியும். என்ன சொல்லி அழ வைத்தார் என்பதை மகனுக்கும் சொன்னதில்லை, புருசனுக்கும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் மொக்கையன் வந்தார். நான் ‘வந்தான்’ என்றுதான் சொன்னேன், மேடம்தான் ‘வந்தார்’ என்று எழுதுகிறார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தாயி, எம்பேரன் பொழப்பு ஒன் வாயில இருக்கு” என்றார்.

“எம்பத்தஞ்சாம் வருசம், ஏழாம் நம்பர்ல, எல்லாருக்கும் முன்னாடி என்னய என்ன சொன்னீரு?” என்று கேட்டேன்.

“எத்தனையோ பேர வஞ்சிருக்கேன். ஒன்ன என்ன வஞ்சேன்னு நெனப்பு வரமாட்டேங்குதே, தாயி” என்றார். அது பொய்யில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நடந்தது இது. மாரீஸ்வரனுக்கு அப்போது ஆறு மாதம். டிவிஷன் பிள்ளைக் காப்பகத்தில் விட்டிருந்தேன். பால் கட்டி ஜாக்கெட் நனைந்துவிட்டபடியால், சங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்கினேன். மொக்கையன் வழியில் மறித்து, திரும்பக் கட்ட வைத்து, நாற்பது பொம்பளைகளுக்கு முன்னால் கூடையோடு நிறுத்தி, “சங்கு ஊதாம கயித்த அவுக்கிற கை, ராத்திரி எவனுக்கு வேணாலும் அவுக்கும்” என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பேர் எனக்குத் தெரியும், இந்தக் கேஸுக்கு வேண்டாம். அன்றிலிருந்து சங்குக்கு முன்னால் என் கை கயிற்றைத் தொட்டதில்லை. சங்கு ஊதிய பிறகு ஒரு நொடி தாமதித்ததும் இல்லை.

அருண்பாண்டி பக்கத்து வார்டில் இருக்கிறான். கட்டுப் போடாத கையால் போர்வை முனையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று நர்ஸ் பிள்ளை சொன்னது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததாக நினைவு, ஒருவேளை பார்க்கவில்லையோ என்று அதனிடமே கேட்டானாம். ஒரு கையின் மேல் பழி விழுந்தால் அது எத்தனை வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவன் கை சரியாகத்தான் பூட்டியது. அவன் மேல் கேஸ் கூடாது. இதனால் மகன் என்னோடு பேசாமல் போகலாம். போனால் போகட்டும்.

கூடுதலாகச் சொல்வது: மேலே உள்ளதை மேடம் எனக்கு வாசித்துக் காட்டினார். எண்பத்தைந்தாம் வருடம் மொக்கையன் சொன்ன வார்த்தை அதில் இல்லை. ‘அவமானமாகப் பேசினார்’ என்று மட்டும் இருந்தது. கேட்டதற்கு, அந்தப் பேச்சு இந்தக் கேஸுக்குச் சம்பந்தமில்லை, வாசிப்பவர்களுக்கும் கூச்சமாக இருக்கும் என்றார். சொன்னவருக்கு மறந்துவிட்டது, நானும் செத்துப்போனால் அது நடக்காததாகவே ஆகிவிடும், பேரனைப் பற்றிய உண்மை வேண்டுமென்றால் தாத்தாவைப் பற்றிய உண்மையும் அதே தாளில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்று சொன்னேன். மேடம் அந்த வார்த்தையை அப்படியே எழுதி, இன்னொரு முறை வாசித்துக் காட்டினார். ஒரு எழுத்தும் குறையவில்லை.

இதில் உள்ளது முழுவதும் என் வாயால் நான் சொன்னது, நடந்தபடி நடந்தது. யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. காதால் கேட்டு, சரி என்று கண்டு, என் கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சு. அழகுத்தாய்