கொப்புளம் காயும்வரை

ஜீப் ஓட்டுகிறவனுக்கு முதலில் போவது இடுப்பு. அப்புறம் முழங்கால். கண் கடைசியில்தான் போகும், ஆனால் சொல்லிக்கொண்டு போகாது. விடியக்காலம் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, பொழுது சாய அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் மற்ற டிரைவர்கள் படுத்துத் தூங்குவார்கள். நான் மூட்டை தூக்கப் போனேன். கூலி கிடைத்தது, தூக்கம் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு வளைவில் கண்ணசந்துவிட்டேன். வண்டி உருண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கப்பாண்டியனும், பின்னால் இருந்த யுவராணி என்ற காய் எடுக்கிற பிள்ளையும் செத்துப்போனார்கள். தங்கப்பாண்டியன் என் அத்தை மகன். வண்டி பழகிக்கொண்டிருந்தான். மழைக்காக முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் படுதா கட்டியிருந்தோம், அதனால் யார் ஓட்டியது என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாது. போலீஸ் கேட்டபோது, "மச்சான் கேட்டான், குடுத்தேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகு யோசிக்க நிறைய நாள் இருந்தது, மாற்றிச் சொல்லவும் இல்லை. செத்தவனை ஜெயிலில் போட முடியாது. எனக்கு ரெண்டு பிள்ளைகள். லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் குடுத்ததுக்கு அபராதம் கட்டினேன், அத்தோடு முடிந்தது.

முடிந்தது என்றால் எனக்கு. தங்கப்பாண்டியனின் ஆத்தா, என் அத்தை பொன்னாத்தாள் வாசலில் யுவராணியின் தகப்பன் மண்ணை வாரித் தூற்றினான். வேலைக்குக் கூப்பிடுகிற பொம்பளைகள் அவளை மட்டும் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். குழாயடியில் 'குடிகெடுத்தவனப் பெத்தவ' என்று ஜாடை பேசினார்கள். புருஷன் இல்லை, வேறு பிள்ளை இல்லை. நான்தான் அரிசி வாங்கிப் போட்டேன். சொந்த மகன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று ஊர் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சில வருஷத்தில் அத்தைக்கு மறதி வந்தது. குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டாள். தன் தெருவிலேயே வழி தப்பினாள். மகன் செத்ததும் மறந்துபோனது. ஒரு மத்தியானம், "ஏலே சுருளி, தங்கப்பாண்டி இன்னுமா மலையில இருந்து எறங்கல?" என்று கேட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"செத்துட்டான் அயித்தை. வண்டிய நாந்தான் ஓட்டுனேன்."

தரையில் உருண்டு அழுதாள். என் முகத்தில் அறைந்தாள். அழுது ஓய்ந்ததும் என் தலையில் கை வைத்து, "போகுதுடா, நீயாச்சும் பொழச்சியே" என்றாள். கஞ்சி குடித்துத் தூங்கி எழுந்தவள், தங்கப்பாண்டி எங்கடா என்று மறுபடி கேட்டாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

ரெண்டொரு நாளில் அவள் உதட்டோரம் கொப்புளம் போட்டது. காய்ச்சலோ கவலையோ வந்தால் சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். சூடு என்று சொல்லி வெண்ணெய் தடவிக்கொள்வாள்.

'நீயாச்சும் பொழச்சியே' என்ற அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை "ஒன் வாயில புழு விழுக" என்றாள். அடுத்த தடவை, நீ எந்த ஊருப்பா, எம் மகனை எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஒரு தடவை சிரித்தே விட்டாள்: "கிறுக்குப்பயலே, ஒனக்கு எங்கன வண்டி ஓட்டத் தெரியும்?" அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மகன் அன்றைக்குத்தான் செத்தான். கொப்புளமும் தவறவில்லை. அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா தலையைப் படம் எடுத்துப் பார்த்து, அல்சைமர் என்று பேர் சொன்னாக. உதட்டைப் பார்த்ததும் இது எப்பப்ப வருது என்று விசாரித்தாக. இந்தக் கொப்புளத்துக் கிருமி ஒருதரம் வந்தால் நரம்புக்குள் படுத்துக்கொள்ளுமாம். உடம்பு சோர்ந்தாலும் மனசு நொந்தாலும் எழுந்திருக்குமாம். அது மூளைக்கும் போகலாம், அதை அடிக்க உடம்பு அனுப்புகிற காவல்காரர்கள் திருடனை அடிக்கிற அடியில் வீட்டையும் சேர்த்து இடித்துவிடலாம் என்று சில பேர் ஆராய்ந்து சொல்கிறார்களாம். அதுதான் காரணம் என்று இன்னும் உறுதியில்லை, வயசும் வம்சமும்கூட இருக்கலாம் என்றாக.

"அடிக்கடி அழுகுறாங்களா?"

"மகன் நெனப்பு வந்தா அழுகும்."

"மறந்தது மறந்ததாவே இருக்கட்டும். யாரும் ஞாபகப்படுத்த வேணாம். அழ விடாமப் பாத்துக்கங்க."

சரி என்று தலையாட்டினேன். ஊருக்கு வந்த பிறகு ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். கொப்புளம் இருக்கும்போது அவளிடம் சொல்வதில்லை. காயும்வரை பொறுத்திருந்து சொன்னேன். அதை அவளுக்கு நான் பிடித்த பத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். உறுதியில்லை என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்காகளே என்றும் நினைத்துக்கொண்டேன். அவள் மறக்க மறக்க எனக்குச் சொல்ல வசதியாக இருந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கு மறதி கூடியது. இது எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

கடைசியில் தங்கப்பாண்டி என்கிற பேரே அவளுக்கு யாரோ ஒருத்தன் பேராகிவிட்டது. வண்டியை நான்தான் ஓட்டினேன் என்றேன். வெறும் வாயை மென்றுகொண்டு சுவரைப் பார்த்தாள். அழாத ஆளிடம் சொல்லி என்ன பிரயோசனம். விட்டுவிட்டேன்.

போன தை மாசம் போய்ச் சேர்ந்தாள். கொள்ளி நான்தான் வைத்தேன். யுவராணியின் தகப்பனும் சுடுகாட்டுக்கு வந்திருந்தான். அத்தனை பேர் முன்னால் என் தோளைத் தொட்டு, "அந்தப் பய செஞ்ச பாவத்த நீ கழுவிட்டப்பா" என்றான். என் வாய் அங்கேதான் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

தங்கப்பாண்டியன் வண்டி ஓட்டவில்லை. யுவராணியின் தகப்பனிடம், ஊர் கேட்க, இதை நான் சொல்ல வேண்டும். இன்னும் பாக்கி.