தவக்காலத்தில் சொல்லக் கூடாத சொல்

“அக்கா, நான் வாய் தவறி அல்லேலூயான்னு ஆரம்பிச்சிட்டா நீங்க சத்தமா இருமிருங்க.”

பீர்மேட்டில் ஞாயிறு காலைப் பூசைக்குப் போகிற ஜீப். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில், எனக்கு எதிரே இருந்த இளம்பெண்தான் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் அவளுடைய ஓரகத்தி. இருவருக்கும் மாமியார் முன் சீட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

“தவக்காலம் முடிஞ்சு ஈஸ்டர் வர்ற வரைக்கும் அந்த வார்த்தையே கோயில்ல கெடையாதுல்லா. நற்செய்தி வாசிக்கதுக்கு முன்னால வேற வாழ்த்துதான? பேப்பரைப் பாத்துப் பாடு.”

“பேப்பர் கையிலதான் இருக்கு. எல்லாரும் எந்திரிச்சு நின்னா வாய் தானா அங்க போயிருதுக்கா. கல்யாணத்துக்குப் பொறவுதான நான் கத்தோலிக்கம். எங்க அம்மா வீட்டுல பெந்தெகொஸ்து. மூச்சுக்கு மூச்சு அல்லேலூயாதான்.”

“மெல்லப் பேசு. அத்தை காதுல விழும்.”

“அவங்களுக்குத்தான் பயப்படுதேன். என்னையப் பாட்டுக் குழுவுல சேக்கும்போதே, ‘அவ வாய் இன்னும் மாறலையே’ன்னு சொன்னாங்கல்லா. இன்னைக்கு உளறிட்டா அது உண்மையாயிரும்.”

“உளற மாட்ட. உளறினா நான் இருமுதேன், போதுமா?”

வளைவில் திடீரென்று எதிரே பஸ். டிரைவர் பிரேக்கை மிதிக்க, ஜீப் வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றது.

“அல்லேலூயா!” என்றாள் அவள், வண்டி முழுக்கக் கேட்கும்படி.

ஓரகத்தி பயத்தில் இரும மறந்துவிட்டாள்.

முன் சீட்டிலிருந்துதான் இருமல் கேட்டது.