முதல் பதிலுக்கு மேலே ஒரு மடல்

முதலில் ஓர் எச்சரிக்கை. நமது கணினி மன்றத்தில், கொப்பரையின் அபாய மணி பற்றிய கேள்விக்கு முதலாவதாக நிற்கும் பதில் தவறு. அதைப் பார்த்து எவரும் புரோகிராம் எழுத வேண்டாம். அப்படி எழுதியதில் மணி அடிக்காமல் போய், சோழபுரம் இருளப்பசாமி என்பவர் உயிரிழந்தார். சரியான பதில் அதே கேள்வியின் கடைசியில் கிடக்கிறது.

இனி வணக்கம். பாராட்டு மடல் இப்படியா தொடங்கும் என்று முகம் சுளிக்கும் பெரியோர்கள் சற்றே பொறுத்தருள்க. காரணம் இல்லாமல் செய்யவில்லை.

மேற்குமலைத் தொழில்நுட்பக் கல்லூரியின் கணினித் துறைத்தலைவர், கணக்கில் கரை கண்டவர், கனிவில் குறை வைக்காதவர், கடிந்தாலும் கைவிடாதவர், தம் பிழையைத் தாமே சுட்டத் தயங்காத தகைமையாளர், பேராசிரியர் ஜெய்னுலாப்தீன் அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் உள்ளம் கனத்து வாசித்தளிக்கும் மடல் இது!

ஆனால் அந்தோ! மாலையும் பொன்னாடையும் காத்திருக்க, மேடை நடுவே அவருக்கென்று போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. மதியம் அழைக்கப் போனவர்களிடம், "நான் வரலப்பா. அஞ்சு மணி வரைக்கும் போன் வரும்லா, யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டார். இந்த நேரம் கீழே ஆய்வகத்தில், தொலைபேசியோடு இணைந்த கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் விழட்டும் என்று ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை அந்தச் சன்னல் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறோம். என்றாலும் வெறும் நாற்காலியைப் பார்த்து 'தாங்கள், தாங்கள்' என்று வாசிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. ஆகவே அவையோரே, அவர் கதையை உங்களுக்கே சொல்கிறோம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு கணித விரிவுரையாளராக வந்தவர். கல்லூரிக்கு முதல் கணினி வந்தபோது, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, செருப்பைக் கழற்றி, தொடப் பயந்து நாங்கள் நின்றோம். அவரோ உறையைப் பிரித்து, "இது ஒண்ணும் செய்யாது, நாமதான் ஏதாவது செஞ்சிரக் கூடாது" என்று சிரித்தார். அவர் வகுப்பு நடந்தால் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். கரும்பலகையில் தாமே ஒரு வரியைத் தப்பாகப் போட்டுவிட்டால், பாதியில் நிறுத்தி, "ஏலே, ஒங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டே போறீயளே! மூணாவது வரி தப்புலே. நாந்தான் தப்பாப் போட்டேன். ஒருத்தனுக்கும் வாயில்லையா?" என்று அதட்டுவார். அந்த வரியைத் தம் கையாலேயே துடைப்பார். டஸ்டரை மாணவன் கையில் ஒருநாளும் கொடுத்தவர் அல்லர். அவரிடம் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தொண்ணூற்றைந்தில் மன்றத்தைத் தொடங்கியவரும் அவரே. ஒரு கணினி, ஒரு தொலைபேசி, நடுவே இரண்டையும் இணைக்க ஒரு மோடம். ராஜபாளையத்து ஆலைகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகங்களிலும் புதிதாகக் கணினியை வாங்கி வைத்துக்கொண்டு விழித்தவர்கள், தங்கள் கணினியிலிருந்தே போன் போட்டுக் கேள்வியை எழுதிப் போடலாம். எங்கள் ஆட்கள் பதில் எழுதி வைப்பார்கள். ஆலங்குளத்திலிருந்துகூடக் கேட்டார்கள். காசு கேட்காமல், கைம்மாறு கருதாமல், கேட்டவர் பெயர்கூடத் தெரியாமல் பதில் சொன்ன அந்தப் பெருந்தன்மையை என்னென்று புகழ்வது! வெளியிலிருந்து வருகிறவர் எல்லாருக்கும் 'வெளியார்' என்ற ஒரே பெயர்தான்.

அப்புறம்தான் நிர்வாகம் ஒரு குழுவைப் போட்டது. அதன் செயலர் திருமிகு வைகுண்டராஜ் அவர்கள். முன்வரிசையில் மோர் அருந்திக்கொண்டிருக்கிறார், வணக்கம். மன்றத்தின் சாவிச்சொல் அவர் கைக்குப் போனது. குழு முதல் காரியமாக, கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதுபோல, பதில்களைப் பதவி வரிசையில் அடுக்கியது. துறைத்தலைவர் பதில் எப்போது வந்தாலும் முதலில், பிறகு மற்றவர்கள். ஒருவர் இரண்டாவது முறை எழுதினால் அது எல்லாருக்கும் கடைசியில் போய் நிற்கும். எழுதியதை எழுதியவரே மாற்றவோ நீக்கவோ வழி கிடையாது.

தொண்ணூற்றாறு ஐப்பசி மழையில் 'வெளியார்' ஒருவர் கேட்டார். துணி வெளுக்கும் நீராவிக் கொப்பரையின் அழுத்தத்தைக் கணினி எண்ணாகப் படிக்கிறது, எல்லை மீறினால் மணி அடிக்க வேண்டும், எப்படி எழுதுவது? வகுப்புக்குப் போகிற அவசரத்தில் பேராசிரியர் நாலு வரியில் பதில் போட்டார். மறுநாள் காலை, பஸ் மடவார்வளாகத்தைத் தாண்டும்போது அவருக்குச் சுருக்கென்றது. அவர் சொன்ன முறையில் எண்ணை வைக்கும் இடம் சின்னது. எண் அதில் கொள்ளாத அளவுக்கு ஏறிவிட்டால், பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அபாயம் கூடக் கூட மணி வாயை மூடிக்கொள்ளும்.

பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே ஆய்வகத்துக்கு ஓடி, 'என் பதில் தவறு, இதுவே சரி' என்று திருத்தம் எழுதினார். அது விதிப்படி கடைசிக்குப் போயிற்று. இடையில் என்ன இருந்தது தெரியுமா? 'அருமை ஐயா', 'பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய பதில்', 'தங்கள் புலமைக்குத் தலைவணங்குகிறோம்' என்று திரை திரையாகப் புகழுரை! அதில் எங்கள் பெயர்களும் உண்டு. தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்க, வெளியூர்க்காரர் எவர் அத்தனையையும் தள்ளிக்கொண்டு கடைசிக்குப் போவார்? முதல் திரையைப் பார்ப்பார், எழுதிக்கொள்வார், போனை வைத்துவிடுவார்.

அன்று மாலையே அவர் குழுவின் முன் போய் நின்றார். மன்றத்தை மேம்படுத்தச் சில யோசனைகள் சொன்னார். எழுதியவர் தம் பதிலைத் தாமே நீக்க வேண்டும். முடியாதென்றால் 'தவறு' என்று தலைமேல் குறி போடவாவது விட வேண்டும். திருத்தம் மேலே வர வேண்டும். கேட்டவர் ஊரும் பேரும் நம்மிடம் இருக்க வேண்டும். எல்லாம் ஒருநாள் வேலை.

"என்ன சார் பேசுதிய?" என்று பதறினார் செயலர். "ஒங்க பதிலுக்கு மேல தப்புன்னு போட்டா ஒங்க மரியாத என்னாகுறது?"

"என் மரியாத கெடக்கட்டும் வைகுண்டம். கேட்டவன் யாருன்னே தெரியல. அவன் அத எடுத்து எழுதிட்டாம்னா?"

"கடைசியில திருத்தம் கெடக்குல்லா? வேணுங்கிறவன் படிச்சுக்கிடுவான். பெரிய மனுசர் எழுதுனது எழுதுனதுதான் சார். அதுல கை வைக்க நாங்க ஆளில்ல."

அவரை அவமதித்தவர் எவருமில்லை, அவையோரே! அத்தனை பேரும் மதித்தார்கள். மதித்து மதித்தே அவர் வாயை அடைத்தார்கள். அவர் யோசனைகளில் ஒன்றையும் ஏற்காத குழு, வந்ததற்குத் தன் பங்குக்கு ஒரு மேம்பாடு செய்தது. தாளாளர் பிறந்தநாள் வாழ்த்தும் பெரியோர்க்கான பாராட்டு மடலும், எந்தக் கேள்வியைத் திறந்தாலும் அதற்கு மேலே முதலில் வந்து நிற்கும். அதை முழுக்கப் படித்தால்தான் உள்ளே போகலாம். பெரியோரைப் பாராட்டியதை நீக்குவது மரியாதைக் குறைவு என்பதால் ஒருபோதும் நீக்கப்படாது. இந்த விதியை மறந்துவிடாதீர்கள்.

தை பிறந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஓர் ஆலையில் கொப்பரை வெடித்தது. பக்கத்தில் நின்ற இருளப்பசாமி கொதிநீரில் வெந்து ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்தார். ஆவி போகும் வால்வும் அடைத்திருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். இருக்கலாம். மணி அடிக்கவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

சில நாள் கழித்து அந்த ஆலையில் கணினி பார்க்கும் ஞானதுரை துறை வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வந்தவர் அல்லர். எங்கே பிசகினோம் என்று கேட்க வந்தவர். "நீங்க சொன்னபடிதான் சார் எழுதுனேன். ஒரு எழுத்துகூட மாத்தல சார்" என்று அவர் அழுதபோது, பேராசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமா தம்பி. நான் சொன்னபடிதான். தப்பு ஒம்பேர்ல இல்ல" என்றார்.

மறுநாள் சோழபுரத்துக்குப் போனார். கூடப் போனவர் எங்கள் ஆய்வகப் பணியாளர் நூர்பானு. இருளப்பசாமியின் மனைவி வெள்ளத்தாயிடம் பேராசிரியர் எதையும் மறைக்கவில்லை. யார் எழுதினது, எது தவறு, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். அந்த அம்மாள் ஏசவில்லை. "இப்பமாவது அந்த எழுத்த அழிச்சிட்டீயளா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இன்னும் அழிக்கல" என்றார் பேராசிரியர்.

"அழிச்சிட்டு வந்து சொல்லுங்க," என்றார் வெள்ளத்தாய். "இன்னொருத்தி இப்படி உக்காரக் கூடாதுய்யா. அது போதும் எனக்கு."

திரும்பி வந்தவர் மறுபடியும் குழுவிடம் போனார். முன்பு மரியாதை தடுத்தது; இப்போது பயம். "இப்பம் அழிச்சா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் சார். கேசு, கோர்ட்டுன்னு இழுத்துருவாக. அப்படியே கெடக்கட்டும், அதத் தொடாதிய" என்றார்கள். மாதந்தோறும் கேட்டார், மாதந்தோறும் அதே பதில். நூர்பானு பொறுக்கமாட்டாமல், "சார், ஒரு வார்த்த சொல்லுங்க, இந்தப் பூட்ட நான் செத்த நேரத்துல ஒடைச்சிருதேன்" என்றபோதும் அவர் இசையவில்லை. "நாம ஒடைச்சா நாளைக்கு எவனும் ஒடைப்பாம்மா. பொறவு இதுல எந்தப் பதில நம்புறது?" என்றார். அந்த நேர்மை எங்களுக்கு அன்று எரிச்சலைத்தான் தந்தது.

அப்போதுதான் அவர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெளியார் எவர் மன்றத்துக்குள் வந்தாலும், அவர் திரையில் குறுக்கே புகுந்து எழுத, இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரால் முடியும். எனவே காலை மன்றம் திறந்ததிலிருந்து மாலை மூடும்வரை, வகுப்பு நேரம் போக மீதி நேரமெல்லாம், தொலைபேசி மணி ஒலிக்கும்போதெல்லாம், 'கொப்பரைக் கேள்வியின் முதல் பதில் தவறு, நம்பாதீர்கள், நான்தான் எழுதினேன்' என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். வகுப்புக்குப் போகும்போது நூர்பானுவை உட்கார வைத்துவிட்டுப் போவார். சாப்பாட்டுத் தூக்கையும் அங்கேதான் திறந்தார். ஒரு துறைத்தலைவர், தாம் எழுதிய நாலு வரிக்குக் காவல் கிடந்தார்! பட்டம் தந்தோம், பதவி தந்தோம், புகழ்ந்து புகழ்ந்து எழுதினோம். ஒரு டஸ்டரைக் கொடுக்க எங்களால் முடியாமல் போயிற்று.

இன்று ஐந்து மணிக்கு அவருக்குப் பணி முடிகிறது. நாளை முதல் அந்த ஆய்வகத்துக்குள் நுழைய அவருக்கு உரிமை இல்லை. அதை நினைத்து நினைத்து மனிதர் சென்ற மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார். அந்த ஒரு முறைக்குப் பிறகு சோழபுரத்துப் பக்கமே அவர் போகவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். எந்த முகத்தோடு போவார்?

செயலர் அவர்களே, மோர் டம்ளரைக் கீழே வையுங்கள். போன வாரம் இந்த மடலைத் தங்களிடம் கொண்டுவந்தோம். "பாராட்டு மடல்தான, நம்ம விதிப்படி மன்றத்துல மேல ஏத்திருங்க, படிச்செல்லாம் பாக்க வேண்டாம்" என்று தங்கள் பொற்கரத்தால் கையெழுத்திட்டீர்கள். இன்று காலை நூர்பானு அதை ஏற்றிவிட்டார். இப்போது மன்றத்தில் எந்தக் கேள்வியை எவர் திறந்தாலும் முதலில் வருவது இந்த மடல். மடலில் முதலில் வருவது அந்த எச்சரிக்கை. பூட்டு உடையவில்லை. விதி ஒன்றும் மீறப்படவில்லை. நீக்கவேண்டுமென்றால் நீக்கிப் பாருங்கள்; பெரியோரைப் பாராட்டியதை நீக்குவது மரியாதைக் குறைவு என்று எழுதி வைத்தவர்கள் நீங்கள்தான்.

ஐயா! சன்னலருகே இருக்கும் எங்கள் ஐயா! இனித் தங்களிடமே பேசுகிறோம்.

பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். இனி வரும் ஒவ்வோர் ஆண்டிலும் இருளப்பசாமி தங்களோடு இருப்பார் என்று தெரிந்தேதான் வாழ்த்துகிறோம். உடம்பு நலமாக இருக்கட்டும். உண்ட சோறு உடம்பில் ஒட்டட்டும். கண்ணை மூடினால் தூக்கம் வரட்டும். இதற்குமேல் கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

மாலையை மேடையிலேயே வைத்துவிடுகிறோம். கண்ணாடிச் சட்டம் போட்ட இந்த மடலை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் சோழபுரம் போகிற பஸ் வரும். வெள்ளத்தாய் அம்மாளிடம் அழித்துவிட்டோம் என்று பொய் சொல்ல வேண்டாம். அழிக்க விடவில்லை என்றே சொல்லுங்கள். ஆனால் அந்த எழுத்தைத் தேடி வருகிற எவனும், அதற்கு முன்னால் அவர் வீட்டுக்காரர் பெயரைப் படிக்காமல் உள்ளே போக முடியாது என்பதையும் சொல்லுங்கள்.

நாற்காலியை விட்டு எழுந்து வாருங்கள், ஐயா. போன் அடித்தால் அடிக்கட்டும்.

இவண்,
பதவி வரிசை பாராமல், வந்த வரிசையில் கையெழுத்திட்ட
மேற்குமலைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆய்வகப் பணியாளர்கள்
மே 1998