பாதம் வைத்த எழுத்து

எண்ணூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் ராயபுரத்தில் ஒரு கடையில், கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக் கொடுப்பவள்.

“செத்தவங்க பேருக்குப் பாதம் வெச்ச எழுத்து போடக்கூடாதாம்க்கா.”

அதற்கப்புறம் நான் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

“இன்னாடி சொல்ற?”

“இங்கிலீஷ்ல ஒரு எழுத்து கீதுக்கா. மெலிசா, சோக்கா இருக்கும். ஒவ்வொரு கோடும் அடியில சின்னதா பாதம் வெச்சு நிக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு எல்லாரும் அதான் கேப்பாங்க. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருத்தரு நினைவு அட்டைக்கும் அதையே போட்டேன். மறுநாளே அவரு சம்சாரம் அத்தனையும் திருப்பிக் கொண்டாந்துச்சு. ‘பாதம் இல்லாத எழுத்தா மாத்திக் குடும்மா. ராவெல்லாம் வூட்டுல யாரோ ஈரக்காலோட நடக்குறாங்க’ன்னுச்சு.”

“மாத்திக் குடுத்தியா?”

“குடுத்தேன். அப்புறம் அங்க சத்தமே இல்லியாம்.”

“பழைய அட்டை?”

“நல்ல கனமான அட்டைக்கா. வீணாப் போவுதேன்னு நேத்து என் வூட்டுக்கு எடுத்துகினு போனேன்.”

கண்டக்டர் ‘தேரடி’ என்று கத்தினார்.

“உன் ஸ்டாப்புடி, எறங்கு.”

இளையவள் எழுந்திருக்கவில்லை.

“இன்னிக்கு உங்க வூட்டுல படுத்துக்கட்டுமாக்கா?”