கரவனுக்கு வைத்த தேசிக்காய்

கரவன் வண்டியின் ரயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். இதனை முதலில் கூறுவதற்குத் தாங்கள் அனுமதிக்க வேண்டும், ஐயா. கோடையில் சில நாட்கள் காரின் பின்னால் இழுபட்டு, எஞ்சிய காலமெல்லாம் மரத்தடியில் நிற்கும் வண்டி அது. ரயரின் பள்ளங்கள் புதியனபோல ஆழமாகவே இருக்கும். பக்கத்தை விரலால் அழுத்தி வளைத்தால்தான் மயிரிழை வெடிப்புகள் தெரியும். லுசேர்ணில் ஒரு கராச்சில் ரயர் மாற்றும் எனக்கு இது தெரியும். இரவீந்திரனுக்குத் தெரியாது, அவர் ஹோட்டல் சமையலறையில் பணிபுரிந்தவர்.

அவரும் அவருடைய மனைவி சிவகலாவும் தம் வீட்டில் எனக்கு ஓர் அறை தந்திருந்தார்கள். மாலையில் மூவரும் ஒன்றாகவே உண்போம். நான் கேளாமலேயே சிவகலா என் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு இடுவார். இவ்வசந்தத்தில் இரவீந்திரனுக்கு ஜெனீவாவில் வேலை கிடைத்தது. அங்கே வீடு அமையும்வரை தங்குவதற்கென்று பழைய கரவன் ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உண்ணும்போதும் இடையில் எழுந்து, யன்னலால் அவ்வண்டியைப் பார்த்துவிட்டு வந்து அமர்வேன்.

ரயர்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பை அவர் என்னிடமே விட்டார். கராச்சில் நான் ஒவ்வொன்றாகத் தடவி, வளைத்து, தட்டிப் பார்த்தேன்.

"அண்ணை ரயரையும் பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறார்," என்று அவர் சிவகலாவிடம் கூறிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

புதியன இரண்டை அவர் முன்னிலையிலேயே தெரிவுசெய்தேன். பூட்டும்போது அவர் இல்லை. கராச்சின் பின்னால் கழித்துப் போட்டிருந்த இரண்டைப் பூட்டினேன். வெடிப்புகளின்மேல் சப்பாத்து மை பூசினேன். தாங்கள் இதனைத் தவறாக விளங்கிக்கொள்ளலாகாது. வழியிலுள்ள புரூனிக் மலைக் கணவாயின் ஏற்றத்தில் ஒன்று மெல்லக் காற்றிழக்கும். வண்டி ஓரமாக நிற்கும். இரவீந்திரன் தொலைபேசியில் அழைப்பார். நான் புதிய ரயர்களுடன் செல்வேன். அண்ணை இல்லாமல் நமக்குச் சரிவராது என்று இருவரும் என்னோடு திரும்பிவிடுவார்கள். அவசரத்துக்கென்று கரவனில் இருந்த மேலதிகச் சக்கரத்தை நான் கழற்றி வைத்துக்கொண்டதும் இதற்காகவே.

புறப்படும் காலையில் சிவகலா காரில் ஏறவில்லை. கரவனைப் பார்க்க மனம் ஒருமாதிரி இருக்கிறது என்றார். நேரமாகிறது என்று கணவர் அவசரப்படுத்தினார். சிவகலாவோ இரண்டு தேசிக்காய்களை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சில்லுக்குக் கீழை வையுங்கோ அண்ணை. ரயர் பூட்டின கையெல்லோ. நீங்கள் வைச்சால் நான் ஏறுவன்."

"ஓம்," என்றேன்.

கற்பூரம் கொளுத்திக் காட்டி, பக்கத்திற்கு ஒன்றாக வைத்தேன். இரவீந்திரன் காரைச் சற்று முன்னே நகர்த்தினார். தேசிக்காய்கள் நசுங்கின. சிவகலா கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

புரூனிக் கணவாயின் இறக்கத்தில் ரயர் வெடித்து, கரவன் காரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் வீழ்ந்ததென்று பொலிஸிலிருந்து தாங்கள் அறிவித்தீர்கள். இருவருமே என்றீர்கள். ஏற்றம் இருந்தால் இறக்கமும் இருக்கும் என்பதை நான் எண்ணவில்லை என்று பொய் கூற மாட்டேன். தேசிக்காயைக் கையில் வாங்கியபோதும் எண்ணினேன். இருந்தும் வைத்தேன்.

தங்கள் அழைப்பு வந்து என் தொலைபேசி ஒலித்தபோது, அவர்கள்தான் என்று நினைத்து மேலங்கியை அணிந்துகொண்டே எடுத்தேன். புதிய ரயர்கள் இரண்டும் என் கட்டிலின் கீழ் துணி சுற்றியபடி பழுதின்றி இருக்கின்றன. தயவுசெய்து பார்வையிடுங்கள். அவர்கள் ஒரு தடவை அழைத்திருந்தால் போதும், ஐயா. நான் உடனே சென்று உதவியிருப்பேன்.