இயர்பட் ஏன் கணினியோடு சேரவில்லை

இயர்பட் கணினியோடு சேரவில்லை என்று யாராவது சொன்னால், டொக்டர், பத்துக்கு ஒன்பது தரம் இயர்பட்டில் பழுது இருக்காது. கணினியிலும் இருக்காது. அது ஏற்கெனவே வேறொன்றோடு சேர்ந்திருக்கும். பக்கத்து அறையில் ஒரு போன் கிடக்கும், அது முந்திக்கொண்டிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் சனம் அதைக் கடைசியில்தான் பார்க்கும். அதற்குள் கணினியை இரண்டு தரம் நிறுத்தித் திறந்து, இயர்பட்டைச் சட்டையில் துடைத்து, விற்ற கடைக்காரனையும் திட்டி முடித்திருக்கும்.

நான் முப்பத்தொரு வருடம் தொலைபேசிப் பழுது பார்த்தவன். பொன்னம்பலம் என்றால் சண்டிலிப்பாயிலிருந்து தெல்லிப்பழை வரைக்கும் பழைய ஆட்களுக்குத் தெரியும். பழுது எங்கே என்று அறியாமல் கையை வைக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன கிழமை நீங்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டிலை ஏதாவது நடந்ததோ, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். கதைத்தால் ஒழுங்கு குலைந்துபோகும், அதனால் எழுதுகிறேன். எழுதத் தொடங்கி நான்கு தரம் எழும்பிவிட்டேன். படலை பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். பகல் பதினொரு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் யாரும் படலையைப் பூட்டுவதில்லை. எங்கள் வீட்டில் பூட்டியிருக்கிறது.

என் மகள் நிவேதனாவை நீங்கள் தலை குனிந்து இருக்கிற பிள்ளையாகத்தான் கண்டிருக்கிறீர்கள். அவள் அப்படியானவள் இல்லை. வாய்க்காரி. விசைப்பலகையைப் பாராமலே தட்டுவாள், தட்டிக்கொண்டே என்னோடு சண்டையும் பிடிப்பாள். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். மாசி மாதம் அந்தக் கொம்பனி அவளைச் சிங்கப்பூருக்கு எடுக்கலாம் என்று சொன்னது. ஒரு நேர்முகம், கணினியில் செய்துகாட்ட ஒரு சின்னப் பரீட்சை, அவ்வளவுதான். என்னிடம் சொன்னபோது அவள் குசினி வாசலில் நின்று துள்ளினாள். மனைவி மீனாம்பிகை மார்கழியில்தான் போனவள். மகன் சுபாங்கன் பிரான்சில், விசா சரிவராமல் தாயின் செத்தவீட்டுக்கே வர முடியாதவன். இவளும் போனால் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். எனக்குப் பயம், டொக்டர். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இயர்பட் மீனாம்பிகைக்காக வந்தது. அவள் படுக்கையில் இருந்த காலத்தில், போனைத் தூக்கிப் பிடிக்காமல் தன்னோடு கதைக்கட்டும் என்று சுபாங்கன் அனுப்பினான். அவளுடைய போனோடு நான்தான் அதைச் சேர்த்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு நிவேதனா எடுத்துக்கொண்டாள். எங்களுடையது மேசைக் கணினி. அதற்கு ஸ்பீக்கரும் இல்லை, மைக்கும் இல்லை. ஆகவே இயர்பட் இல்லாமல் அவள் யாரோடும் கதைக்க முடியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து மீனாம்பிகையின் சாமான்களைக் கொடுத்தோம். சேலைகள், செருப்பு, வெற்றிலைத் தட்டு எல்லாம். போனை மட்டும் நான் கொடுக்கவில்லை. பற்றரி ஊதிப்போயிற்று, எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். அதில் அவள் மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவுகள் இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு. எழுத்துக் கூட்டி அனுப்பப் பஞ்சிப்பட்டு எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லி அனுப்புவாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாய்மனைக் கதிரையில் சரிந்து, சத்தத்தைக் குறைத்து ஒன்றிரண்டைக் கேட்பேன். ஒரு மனிதன் தன் பெண்சாதியின் குரலைக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணியிருக்கும். ஒரு பதிவை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. சத்தத்தைக் கூட்டி மறுபடி அழுத்தினேன். உள்ளறையில் கதிரை விழுந்த சத்தம் கேட்டது. நிவேதனா வெளியே வந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா கதைச்சவ."

"ஆர்?"

"அம்மா. என்ரை காதுக்குள்ளை."

எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. அவள் இயர்பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள். அது கணினியிடம் போகாமல், தன்னை முதலில் சேர்த்துக்கொண்ட போனைத் தேடி வந்திருக்கிறது. ஒரு வசனத்தில் சொல்லி முடிக்கலாம். வாயைத் திறந்தேன். திறந்த வாயால், "என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"தன்னை விட்டிட்டு அங்கையே இருந்திடாதையாம். குஞ்சு எண்டு கூப்பிட்டவ."

மீனாம்பிகை இரண்டு பிள்ளைகளையும் குஞ்சு என்றுதான் கூப்பிடுவாள். அது சுபாங்கனுக்குச் சொன்னது. நிவேதனா அழுதாள், நான் முதுகைத் தடவிவிட்டேன். பொழுதுபடுவதற்குள் அவள் நேர்முகத்தை இரண்டு கிழமை தள்ளிப்போடச் சொல்லிக் கொம்பனிக்கு எழுதிவிட்டாள். அன்றைக்கு நான் நன்றாக நித்திரை கொண்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

அதற்குப் பிறகு நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.

தள்ளிப்போட்ட நாளும் வந்தது. நேர்முகம் காலை பத்து மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு அவள் இயர்பட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "அப்பா, உது கனெக்ட் ஆகுதில்லை, ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டாள். போனேன். கணினியில் இருந்து இயர்பட்டின் பெயரை அழித்தேன், மறுபடி சேர்த்தேன். பெட்டியின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். புளூடூத் குச்சியை வேறு துளையில் செருகினேன். எல்லாம் கைநூல் சொல்கிறபடி. மீனாம்பிகையின் போன் என் சட்டைப் பையில் இருந்தது. இதெல்லாம் அந்தப் போனை நிறுத்தாமல் செய்தால் வீண் வேலை என்று எனக்குத் தெரியும். "கொஞ்சம் போட்டுக்கொண்டு இரு பிள்ளை, வரும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ஒரு பதிவை அழுத்தினேன். அப்பருக்கு இரத்தத்தில் சீனி கூடிப்போயிற்று, பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைப் பற்றி மீனாம்பிகை மகனிடம் குறைப்பட்ட பதிவு.

பத்தேகாலுக்குப் போய்ப் பார்த்தபோது அவள் மேசைக்குக் கீழே இருந்தாள். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் போனை நிறுத்தினேன். இயர்பட் உடனே கணினியோடு சேர்ந்தது. "பார், சரி வந்திட்டுது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன் அப்பா?"

இந்த வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு கதை கேட்கக் கிடைப்பது பெரிய விஷயம்.

பிறகு வயர் உள்ள ஹெட்செட் ஒன்று வாங்கித் தரச் சொன்னாள். கெட்டிக்காரி, சரியான இடத்துக்குத்தான் வந்தாள். யாழ்ப்பாணம் போய் வாங்கி வந்தேன். கொடுப்பதற்கு முன்பு, காதுக்குக் கிட்டே உறைக்குள் ஒரு இழையை அறுத்துவிட்டேன். வெளியே தெரியாது. வயர் வேலை எனக்குக் கைவந்தது. அதுவும் வேலை செய்யவில்லை என்றதும் அவள் கணினியைப் பழி சொல்லவில்லை, தன் புத்தியைத்தான் சொன்னாள். "எனக்கு விசராக்கும் அப்பா." "சீ, விசர்க்கதை கதைக்காதை" என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

ஊரில் வேறு மாதிரிக் கதைத்தார்கள். மீனாம்பிகையின் தம்பி ஆழ்வாப்பிள்ளை ஒரு நாள் வந்து, பிள்ளை சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு என்னை முற்றத்துக்குக் கூட்டிப் போனார்.

"அத்தான், பெத்த மகன் நிண்டு செய்யாத அந்தியேட்டி. பெறாமகனைக் கொண்டெல்லோ கொள்ளி வைப்பிச்சனாங்கள். அக்கா இஞ்சைதான் திரியிறா. வேறை என்ன?"

நான் அதை மறுக்கவில்லை. சித்திராபௌர்ணமிக்கு, தாயை இழந்தவர்கள் விரதம் பிடிக்கிற நாளில், எல்லோரும் கீரிமலைக்குப் போனோம். ஐயர் சொல்லச் சொல்ல சுபாங்கன் பிரான்சிலிருந்து வீடியோவில் மந்திரம் சொன்னான். எள்ளையும் தண்ணீரையும் நான் விட்டேன். நிவேதனா பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்காமல், பெண்கள் கேணியில் முழுகி, ஈரத்தோடு நின்று கும்பிட்டாள். "அம்மா, கோவப்படாதேங்கோ" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. வரும் வழியில் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை, தள்ளித் தள்ளிப் போன அந்த நேர்முகத்துக்கு மூன்றாவது தவணை. அன்றைக்கும் அழுத்தினேன்.

வைகாசியில் அவளாகவே கேட்டுத்தான் உங்களிடம் கூட்டி வந்தேன். நீங்கள் நல்ல டொக்டர். "எந்தக் காதிலை கேக்குது? எந்த நேரத்திலை?" என்று முதல் நாளே கேட்டீர்கள். பழுது பார்க்கிறவன் கேட்கிற கேள்வி அது. எனக்கு உங்களில் மரியாதை வந்தது. "இயர்பட் போட்டால்தான்" என்று அவள் சொன்னாள். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "அது நல்லாத்தான் இருக்குது டொக்டர், நான்தான் பாத்துக் குடுக்கிறனான்" என்று சொன்னேன். நீங்கள் மறுபடி பேனாவை எடுத்தீர்கள். அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருட அனுபவம் உள்ளவன் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

குளிசைகளை நான் ஒரு நேரமும் தவறவிடவில்லை. காலை ஒன்று, இரவு இரண்டு, என் கையாலேயே கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பேன். அவளுக்கு உடம்பு ஊதியது. கை நடுங்கத் தொடங்கியது. பாராமல் தட்டினவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஆனியில் கொழும்புக் கொம்பனி அவளை நிறுத்தியது. அவள் அழவில்லை, படுத்துவிட்டாள். பின்னேரங்களில் முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும் கத்தரிக்குத் தண்ணீர் விடுவோம். சண்டை பிடிக்க மாட்டாள். சொல்வதைக் கேட்பாள். அந்த நாட்கள் எங்களுக்கு நிம்மதியான நாட்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவள் இயர்பட்டை எடுத்து அலுமாரியில் வைத்ததோடு நானும் போனை நிறுத்திவிட்டேன். தேவைக்கு மேல் ஒரு தரமும் நான் அழுத்தவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, நான் இதை எழுத வந்த காரணம்.

போன புதன்கிழமை அவள் குசினியில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை. திடீரென்று நிமிர்ந்து, "அம்மா போகச் சொல்லுறா அப்பா" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், தபால்காரன் வந்தான் என்பதுபோல.

"எப்ப சொன்னவ?"

"இப்பதான். அப்பர் பிடிச்சு வைச்சிருப்பார், நீ போ குஞ்சு எண்டு சொன்னவ."

நான் அறைக்குள் போய்ப் போனைப் பார்த்தேன். நிறுத்தியபடியே இருந்தது. இரண்டு நாளாக இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் ஒன்றும் விடாமல் கேட்டேன். இருந்து கேட்க முடியவில்லை, நடந்து நடந்து கேட்டேன். ஒன்றில்கூட மீனாம்பிகை யாரையும் போகச் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் வா, வா என்றுதான் சொல்கிறாள்.

மீனாம்பிகை போகச் சொன்னது ஒரேயொரு தரம். கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரியில், பிள்ளை வெளியே தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரம். என் கையைப் பிடித்து, "நீங்கள் அவளைப் பிடிச்சு வைச்சிருப்பியள். வேண்டாம். போகவிடுங்கோ" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். அது எந்தப் போனிலும் பதிவாகவில்லை. நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. நிவேதனாவுக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆகவே, டொக்டர், இது நோய்தான். முதல் குரல் நான் போட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மருந்து தேவையில்லை. இந்த இரண்டாவது குரல் நான் போடாதது. இரண்டையும் ஒன்றாக எண்ணி நீங்கள் மருந்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் உண்மை முழுவதையும் எழுதினேன். புதன்கிழமையிலிருந்து அவள் குளிசையை நாக்குக்குக் கீழே வைத்துவிட்டுத் துப்புகிறாள், கண்டுபிடித்துவிட்டேன். கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். வேறொரு கொம்பனிக்கு எழுதியிருக்கிறாள், வருகிற திங்கள் அவர்களோடு கதைக்கப் போகிறாளாம். திங்களுக்கு முன்பு ஊசி ஏதும் போட முடியுமா என்று தயவுசெய்து சொல்லுங்கள். கூட்டி வருவது என் பொறுப்பு.

இந்தக் கடிதத்தில் இருப்பதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். அவள் தாங்கமாட்டாள். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.