கம்பி முனைகளில் மூன்று பூச்சு

தேநீர் ஆறிப்போனால் பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் சார். எனக்கு ஆறியதுதான் பிடிக்கும். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை உங்களுக்குக் கொடுத்த மனுவில், அவள் கணவர் செத்தது தன் தப்பால்தான் என்று எழுதியிருக்கிறாள். அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

பம்ப்செட் மின்சுற்றுப் பலகைகள் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்தொரு வருடமாக இருக்கிறேன். பழுது பார்த்த பலகையில் ஈரம் இறங்காமலிருக்கக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடிப்போம். அது எனக்குக் கைவந்த வேலை. மாப்பிள்ளை ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். எலெக்ட்ரானிக்ஸ் அவருக்குப் பொழுதுபோக்கு. மொட்டைமாடியில் மழைமானி, பூந்தொட்டியில் ஈரம் பார்க்கும் கருவி, மரக்கிளையில் பறவைகளைப் படம் பிடிக்கும் கேமரா என்று வீட்டைச் சுற்றி ஒயராகவே இருக்கும். ஜன்னல் வழியே கையை நீட்டினால் தெரிகிற மழைக்கு இத்தனை ஒயரா என்று கிண்டல் செய்வேன். அவர் சிரிப்பார். நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் செய்ததெல்லாம் முதல் மழையிலேயே படுத்துவிடும். தங்கைதான் அவற்றை என்னிடம் கொண்டுவந்தாள். பிறகு அது எங்கள் மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. அவர் பலகையைச் செய்வார், நான் பூச்சு அடிப்பேன், தங்கை திரையை இழுத்துவிட்டு நீல விளக்கைப் பிடித்துப் பார்ப்பாள். அந்த வெளிச்சத்தில் பூச்சு படிந்த இடம் ஒளிரும், விட்டுப்போன இடம் கறுப்பாக நிற்கும். ஊசிமுனை அளவு விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "அண்ணா, இந்த இடத்துல தூங்கிட்டே" என்பாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. தலைபின்னி விட்டதிலிருந்து எல்லாம் நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்திருந்த வீட்டில் தெருமட்டத்துக்குக் கீழே ஓர் அறை உண்டு. மாப்பிள்ளையின் மேஜை அங்கேதான். வீட்டுக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய். அது வழிந்தால் அறைக்கு இறங்கும் படிக்கட்டில் தண்ணீர் கொட்டும். அறையின் இரும்புக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. வெளியே தண்ணீர் தேங்கிவிட்டால் உள்ளே இருப்பவரால் தள்ள முடியாது. தண்ணீர் மட்டும் கதவிடுக்கு வழியே உள்ளே ஏறிக்கொண்டே போகும். அதனால் அவர் கால்வாய்ச் சுவரில் ஓர் அலாரம் வைத்திருந்தார். வெறும் இரண்டு கம்பி முனைகள். தண்ணீர் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் கீழே சங்கு அலறும். அவர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர் என்பதால் ஒரு சிவப்பு விளக்கும் எரியும். மேலே ஏறிவர அரைமணி நேரம் கிடைக்கும்.

அந்த மாதிரிப் பலகைக்குப் பூச்சு அடிக்கும்போது கம்பி முனைகளில் டேப் சுற்றிக்கொள்ள வேண்டும், காய்ந்ததும் உரித்துவிட வேண்டும். முனையில் பூச்சு படிந்தால் தண்ணீர் தொட்டாலும் அதற்குத் தெரியாது.

போன மழைக்காலத்துக்கு முன் பழைய அலாரம் துருப்பிடித்துப்போய், புதிதாக ஒன்று செய்தார். அதே வாரம்தான் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவர் கருவிகள் மழையிலும் ஓடுவதைப் பார்த்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. தங்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நீயும் எங்களோடு வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று இரண்டு நாள் பார்த்தேன். சொல்லவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். கீழறையில் ஒரு தடவை தண்ணீர் புகுந்தால் கருவிகள் பாழாகும், பயணம் தள்ளிப்போகும். டேப் சுற்றாமல் அந்த முனைகளுக்கு மூன்று பூச்சு அடித்தேன். ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. தங்கை நீல விளக்கை எடுக்கப் போனாள். நான் பார்த்துவிட்டேன், நீ போய்ப் பெட்டி கட்டு என்று அனுப்பிவிட்டேன். டம்ளர் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், நன்றாக அலறியது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். சுவரில் மாட்டியதும் நான்தான்.

மாட்டிய பதினோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பகல் மூன்று மணி இருக்கும். தங்கை தையற்கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை கீழே கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மாடியில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கால்வாய் வழிவது ஜன்னலிலேயே தெரிந்தது. சங்கு ஒலிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு இடிபடும் சத்தம். மழைச் சத்தம் என்று நினைத்ததாக அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். மழை என்னை மச்சான் என்று கூப்பிடாது, சார். அவர் கூப்பிட்டார். நான் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். மொத்தம் நான்கு சட்டை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் தங்கை அந்த அலாரத்தைக் கழற்றி எடுத்துவந்தாள். திரையை இழுத்துவிட்டு நீல விளக்கைப் பிடித்தாள். இரண்டு முனைகளும் ஒளிர்ந்தன. அவள் திரும்பி, "டேப் சுத்த மறந்துட்டியா அண்ணா?" என்றாள்.

"மறந்துட்டேன்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன்மேல தப்பில்ல. பாக்க வேண்டியவ நான். ஒரே ஒரு தடவ பாத்திருந்தா அவர் இருந்திருப்பார்."

நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஏழு மாதமாக அவள் எங்கும் போவதில்லை, யாருடனும் பேசுவதில்லை. நான் வேலை முடிந்து வரும்வரை அதே நாற்காலியில்தான் இருப்பாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவைத் திறந்தால் வீட்டில் இருக்கிறாளே என்று நிம்மதியாகவும் இருந்தது. இப்போது இந்த மனுவை நம்பி நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? அதனால்தான் வந்தேன்.

நீங்கள் கேட்பது சரிதான். அந்தக் கருவிகளுக்கெல்லாம் நான்தானே பூச்சு அடித்தேன், தண்ணீரில் எப்படிப் பாழாகும் என்கிறீர்கள். ஆகாது. தண்ணீர் வடிந்ததும் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், எல்லாம் ஓடுகின்றன. ஆகாது என்று முன்பே தெரியும். பூச்சு அடிக்காமல் அந்த அறையில் இருந்தது மாப்பிள்ளை ஒருவர்தான். அதுவும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தங்கையிடம் நான் மறந்துவிட்டேன் என்றே இருக்கட்டும். இதைக் கேட்டால் தாங்க மாட்டாள், பாவம். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.